கண்ணை மூடிக்கொண்டால் களைப்பு போகுமா?

சேலம் அம்மாபேட்டையில் கீழ்க்கட்டில் தறி ஓடும், மாடியறையில் மகன் மடிக்கணினி முன் உட்கார்ந்திருப்பான். இப்படிப்பட்ட வீடுகள் இன்று பல. அமெரிக்க நேரத்துக்கு வேலை என்பதால் விடியற்காலையில்தான் படுக்கப் போகிறான். சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுகிறான். ஞாயிறு முழுக்கத் தூங்கியும் திங்களன்று உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது. “சம்பளந்தான் வருதே, அப்புறம் என்னப்பா?” என்று அப்பா கேட்டால் அவனிடம் பதில் இல்லை.

இது சோம்பல் அல்ல

நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் தொண்டாற்றிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், தானும் தன்னோடு உழைத்தவர்களும் வற்றிப்போனதைக் கண்டு 1974இல் இதைப் பற்றி எழுதினார். ‘பர்ன் அவுட்’ என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. தமிழில் பணிச்சோர்வு என்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னது: சக்தியெல்லாம் வடிந்த களைப்பு, வேலையின் மீது வரும் வெறுப்பு, ‘என்னால் ஒன்றும் முடியவில்லை’ என்ற எண்ணம். இதை அந்நிறுவனம் நோய் என்று வகைப்படுத்தவில்லை. வேலையிடத்து அழுத்தம் சரியாகக் கையாளப்படாததால் வருவது என்றே சொல்கிறது. அப்படியானால் பழியை உழைப்பவர் தலையில் மட்டும் போடுவது அநியாயம்.

வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் கூடுதல் என்று 2021இல் அதே நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் கூறின. தறிக்கூடங்களுக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் புதிதல்ல. அதையே தொழிற்சாலைகளில் அனுமதிக்க 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் ஒரு திருத்தம் நிறைவேறியது. கடும் எதிர்ப்புக்குப் பின், மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பு வந்தது. அந்த எதிர்ப்பு உடல்நலத்துக்கான குரலும்தான்.

ஹெட்செட் ஏன் இழுக்கிறது?

இந்தக் களைப்பை மறக்கச் சிலர் வி.ஆர். எனும் மெய்நிகர் காட்சிக் கருவியை நாடுகிறார்கள். வேலை முடிந்ததும் அந்த ஹெட்செட்டை மாட்டினால் அறை மறைந்துவிடும். கடலோ மலையோ கண்முன் விரியும். மேலாளரின் குறுஞ்செய்தியும் தறிச் சத்தமும் தூரமாகிவிடும். இந்த ஈர்ப்பு பொய்யல்ல. தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது நோயாளி வலியை மறக்க, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பனி உலகம் ஒன்றையே இப்படி உருவாக்கினார்கள். ஆனால் அங்கேயும் மறந்தது வலிதான். புண்ணை ஆற்றியது மருந்து.

கண்ணுக்கு மிக அருகில் திரை. லென்ஸ் வழியே பார்வை ஒரே தூரத்தில் குவிந்திருக்க, காட்சி மட்டும் கிட்டே வந்தும் எட்டப் போயும் ஆடும். கண் குழம்பித் தலைவலியும் குமட்டலும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். சில கருவிகள் அரைக் கிலோ எடை. அவ்வளவும் முகத்தின் முன்பக்கம் தொங்க, கழுத்து நோகும். இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது, அதை மாட்டியிருக்கும் நேரம் தூக்கத்திலிருந்து களவு போவதுதான். மாட்டியே ஆக வேண்டுமென்றால் அரை மணிக்கொரு தடவை கழற்றுங்கள். கழற்றிய உடனே வண்டி ஓட்டாதீர்கள். வலிப்பு வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

முதலில் தூக்கம்

இரவு வேலை பார்ப்பவருக்குப் பகல் தூக்கம் தினமும் ஒரே நேரத்தில் அமைய வேண்டும். சன்னலுக்குக் கனத்த திரை போடுங்கள். அந்த நேரத்தில் வீட்டார் எழுப்ப வேண்டாம். மலை பார்க்க ஆசையா? குமரகிரி பக்கத்திலேயே இருக்கிறது. வெயில் தாழ்ந்ததும் படியேறுங்கள். வேலை நேரம் முடிந்தபின் அழைப்பு வேண்டாம் என்று மேலாளரிடம் வாய் திறந்து கேளுங்கள். களைப்பு வாரக்கணக்கில் நீடித்தால் இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றையும் பரிசோதியுங்கள்.

தூக்கமே வராமல், வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினால் ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. டெலி மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை இன்றே வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வையுங்கள்.