எரிகோ சாலையும் நம் அலைபேசியும்



எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போன மனிதரைக் கள்வர்கள் வழியில் மறித்துக் கொள்ளையிட்டதாக இயேசு சொன்ன உவமையை நாம் அறிவோம். இன்று கள்வர்கள் சாலையில் காத்திருக்க வேண்டியதில்லை. நம் அலைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். தக்கலையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் உழைக்க, வயதான பெற்றோர் தனித்திருக்கும் வீடுகள் பல. பிள்ளைகள் அனுப்பும் பணத்தையே இக்கள்வர்கள் குறிவைக்கின்றனர்.

2022-ஆம் ஆண்டில் தமிழகமெங்கும் ஒரு குறுஞ்செய்தி பரவியது. சென்ற மாத மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணில் அதிகாரியை அழைக்கவும் என்பதே அதன் சாரம். அழைத்தவரிடம் மறுமுனையில் இருந்தவர் கனிவாகப் பேசினார். ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொன்னார். பின்பு பத்து ரூபாய் மட்டும் கட்டச் சொன்னார். அந்தச் செயலி அலைபேசியின் திரையை அவருக்கு அப்படியே காட்டிக்கொடுத்தது. அட்டை எண்ணும் ஓடிபியும் அவர் கைக்குப் போயின. வங்கிக் கணக்கு காலியானது.

ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் பொய் புலப்பட்டிருக்கும். அப்போது நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு ஒருமுறையே மின்கட்டணம் கணக்கிடப்பட்டது. அப்படியிருக்க, 'சென்ற மாதக் கட்டணம்' எங்கிருந்து வந்தது? அந்த ஒரு நிமிடத்தை நமக்குத் தராமல் இருப்பதே மோசடிக்காரரின் முழு முயற்சி.

எனவே மூன்று அடையாளங்களை மனதில் கொள்வோம்.

முதலாவது, அவசரம். 'இன்றே, இப்போதே' என்று அச்சுறுத்தும் செய்தியை நம்பாமல், நாமே அலுவலகத்தை விசாரிப்போம். மின்சாரம் பற்றிய ஐயம் என்றால் மின்னகம் 94987 94987 என்ற எண் இருக்கிறது.

இரண்டாவது, அனுப்புநர். வங்கியும் அரசும் சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து இத்தகைய செய்திகளை அனுப்புவதில்லை. ஆங்கில எழுத்துகளால் ஆன பெயரில் அனுப்புகின்றன. 2025 மே மாதம் முதல் அப்பெயரின் கடைசியில் ஓர் எழுத்தும் சேர்க்கப்படுகிறது: அரசுச் செய்திக்கு 'ஜி', சேவைக்கு 'எஸ்', பணப் பரிவர்த்தனைக்கு 'டி', விளம்பரத்திற்கு 'பி'.

மூன்றாவது, கேட்கப்படும் பொருள். ஓடிபி, ரகசிய எண், இணைப்பு, செயலி இவற்றில் எதைக் கேட்டாலும் விலகுவோம். பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை.

இத்தனையும் அறிந்தவர்களும் ஏமாறுவதுண்டு. அப்போது தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் கைமாறிப் போகும் முன்பே அதை முடக்குமாறு வங்கிகளுக்கு அங்கிருந்து தகவல் செல்லும். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். ஆனால் பலர் அன்றிரவு யாரிடமும் சொல்வதில்லை. 'மகன் என்ன சொல்வான், அக்கம்பக்கத்தார் சிரிப்பார்களே' என்ற வெட்கம் வாயை அடைத்துவிடுகிறது. விடிவதற்குள் பணம் பல கணக்குகளைக் கடந்துவிடுகிறது.

அன்பார்ந்தவர்களே, ஏமாற்றுவதுதான் பாவம்; ஏமாறுவது பாவமல்ல. அடிபட்டுக் கிடந்தவரிடம் 'ஏன் தனியே இவ்வழியில் வந்தாய்?' என்று நல்ல சமாரியர் கேட்கவில்லை. முதலில் காயத்தைக் கட்டினார். நம் வீட்டில் அம்மாவோ அப்பாவோ ஏமாந்துபோனால், நம் வாயிலிருந்து வரும் முதல் சொல் கடிந்துரையாக இருக்க வேண்டாம். 'பயப்படாதீங்க, இப்பவே 1930-க்குப் பேசுவோம்' என்பதாக இருக்கட்டும்.

இந்த வாரம் நம் அன்பியக் கூட்டத்தில் இதைப் பற்றிச் சிறிது நேரம் பேசுவோம். தனித்து வாழும் முதியோரின் அலைபேசியில் 1930 என்ற எண்ணைப் பதிந்து கொடுப்போம். அதுவும் ஒரு சமாரியப் பணியே.