எடை குறைந்த குழந்தையும் மூளைக்கான எரிபொருளும்

கருவிலேயே தொடங்கும் பற்றாக்குறை

மாதம் நிறைந்து பிறந்தும் 2.5 கிலோவை எட்டாத குழந்தைகளில் பெரும்பாலானவை கருப்பையிலேயே வளர்ச்சி குன்றியவை. நஞ்சுக்கொடி வழியே சர்க்கரையும் ஆக்சிஜனும் போதாமல் வரும்போது, சிசுவின் உடல் குடலுக்கும் தசைக்கும் போகும் ரத்தத்தைக் குறைத்து மூளைக்குத் திருப்புகிறது. டாப்ளர் ஸ்கேனில் இந்த மாற்றம் தெரியும். ஆனாலும் மூளை முழுமையாகத் தப்புவதில்லை. செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் வேலையும் இந்தப் பற்றாக்குறையால் மாறிப்போவதை விலங்கு ஆய்வுகள் காட்டியுள்ளன.

கொடி அறுந்ததும் நடப்பது

பெரியவர் உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றலில் மூளையின் பங்கு ஐந்தில் ஒன்று. பச்சிளங்குழந்தையிடம் அது பாதிக்கும் மேல். பிறந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் எல்லாக் குழந்தைக்கும் ரத்தச் சர்க்கரை இறங்கும். நல்ல எடையுள்ள குழந்தையின் கல்லீரல் சேமித்த கிளைகோஜனைச் சர்க்கரையாக்கித் தரும்; கொழுப்பு கரைந்து கீட்டோனாகி மூளைக்கு மாற்று எரிபொருளாகும். வளர்ச்சி குன்றிய குழந்தையிடம் இரண்டு கையிருப்பும் சொற்பம். தலை மட்டும் பெரிதாகத் தெரியும்; தொடைத் தோல் சுருங்கித் தொங்கும். உடல் குளிர்ந்தால் மிச்சச் சர்க்கரையும் சூட்டுக்கே செலவாகிவிடும். தாழ்சர்க்கரை கடுமையாகி நீடித்தால் மூளையின் பின்பகுதி அதிகம் அடிபடுகிறது. பிற்காலத்தில் வலிப்பும் பார்வைக் கோளாறும் வரலாம்.

தாமிரபரணிக் கரையில்

திருநெல்வேலி மாவட்டத்தின் முக்கூடல், மேலப்பாளையம் வட்டாரங்களில் பெண்கள் நிறைமாதத்திலும் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். புகையிலைத் தூள் மூச்சிலும் தோலிலும் ஏறுகிறது. அதிலுள்ள நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். சிசு வளர்ச்சி குன்றுவதற்கான பழியைப் பீடியின் மேல் மட்டும் போட முடியாது. ரத்தசோகை, உயர் ரத்த அழுத்தம், அடுத்தடுத்த பேறு ஆகியவையும் காரணங்களே. வளர்ச்சி குன்றுவதைச் சந்தேகிக்க ஓர் அளவு நாடாவே போதும்: 24 வாரத்துக்குப் பின் கருப்பையின் உயரம் சென்டிமீட்டரில் ஏறத்தாழ வாரக் கணக்கை ஒட்டியிருக்கும். 32 வாரத்தில் 28 சென்டிமீட்டர்தான் என்றால் ஸ்கேன் அவசியம்.

முதல் மூன்று நாள்

தென்மாவட்டங்களில் பிறந்த குழந்தைக்குச் சேனை எனும் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைக்கும் வழக்கம் இன்னும் முற்றாகப் போகவில்லை. அது தாழ்சர்க்கரையைத் தீர்க்காது. சீம்பால் தருவதைத் தாமதப்படுத்தும், கிருமித் தொற்றையும் கொண்டுவரும். ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தர வேண்டும். சப்ப முடியாவிட்டால் பீய்ச்சி எடுத்த பாலைப் பாலாடையில் ஊட்டலாம். தாயின் வெறும் மார்பில் அணைத்துக் கிடத்தினால் சூடு தங்கும்.

நடுக்கம், துவளல், பால் குடிக்க மறுத்தல் ஆகியவை எச்சரிக்கைகள். பல குழந்தைகள் எதையும் காட்டுவதில்லை. அதனால் இரண்டாம் மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை, குறித்த இடைவெளிகளில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கப்படுகிறது. அளவு டெசிலிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே போனால் உடனடி சிகிச்சை தேவை. எடை குறைந்த குழந்தையை இந்தச் சோதனைகள் முடியுமுன் வீட்டுக்கு அழைத்துச் செல்ல அவசரப்படக் கூடாது.