மாதவிடாய் நின்றபின் இதயம்: மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியவை

மாரடைப்பு என்னும் சொல்லைக் கேட்டவுடன், நெஞ்சைப் பற்றிக்கொண்டு சரியும் நடுத்தர வயது ஆண் ஒருவரின் தோற்றமே பலரது மனக்கண்ணில் எழுகிறது. ஆனால் ஆஸ்திரேலியாவில் மார்பகப் புற்றுநோயால் இறக்கும் பெண்களைவிட இதயத் தமனி நோயால் இறக்கும் பெண்களே அதிகம். இருந்தும், அறுபது வயதைத் தொட்ட அம்மா படியேறுகையில் மூச்சு வாங்குகிறது என்றாலோ, தாடையும் முதுகும் வலிக்கின்றன என்றாலோ, வீட்டில் அவருக்கு முதலில் கிடைப்பது இஞ்சிக் கசாயமும் வாயுத் தொல்லைக்கான மாத்திரையும்தான்.

ஆணின் இதயமும் பெண்ணின் இதயமும் ஒரே வேலையைச் செய்தாலும், அவற்றைச் சூழ்ந்துள்ள ஹார்மோன்கள் ஒன்றல்ல. கருப்பையோடு மட்டும் தொடர்புடையதாகக் கருதப்படும் ஈஸ்ட்ரோஜன், இரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் மூளையிலும் செயற்படுகிறது. குழாய்களைத் தளர்த்தி விரியச்செய்யும் நைட்ரிக் ஆக்சைடு உருவாவதற்கு அது துணைபுரிகிறது. தீங்கு தரும் எல்.டி.எல். கொழுப்பைக் கட்டுக்குள் வைக்கவும் உதவுகிறது. பெண்களுக்கு மாரடைப்பு ஆண்களைவிடச் சராசரியாக ஏறத்தாழ 10 ஆண்டுகள் தாமதமாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் இந்த நிலை மாறத் தொடங்குகிறது. எல்.டி.எல். கொழுப்பு உயர்கிறது. இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றை நாடுகிறது. குழாய்கள் விறைப்படைய, இரத்த அழுத்தம் ஏறுகிறது. இவை எதுவும் வலியைத் தருவதில்லை என்பதால் பலர் அறியாமலே இருந்துவிடுகின்றனர். ஆஸ்திரேலியப் பெண்களுக்குச் சராசரியாக 51 வயதளவில் மாதவிடாய் நிற்கிறது. இந்தியாவில் நடந்த ஆய்வுகள் பல 46, 47 என்ற வயதைக் காட்டுகின்றன. தெற்காசியர்களிடம் நீரிழிவும் வயிற்றுக் கொழுப்பும் இளம் வயதிலேயே தோன்றுவது இதனோடு சேரும்போது, தமிழ்ப் பெண் ஒருவருக்கு ஐம்பது வயதுக்கு முன்பே இதயத்தைப் பற்றிய கேள்வி எழுவது நியாயமானதே.

நரம்பு மண்டலத்தின் பங்கு

உடலின் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் மூளைப் பகுதி ஈஸ்ட்ரோஜனின் ஏற்ற இறக்கத்தை உணரக்கூடியது. அந்த அளவு குறையும்போது, சிறிதளவு வெப்ப மாற்றத்தையும் அது பெரிதாக எண்ணித் தோலின் குழாய்களை விரிக்கிறது, வியர்வையைச் சுரக்கச்செய்கிறது, நாடித்துடிப்பைக் கூட்டுகிறது. திடீரென முகமும் கழுத்தும் சூடேறுவதும், நள்ளிரவில் உடை நனையுமளவு வியர்ப்பதும் இதன் விளைவே. உடன் வரும் படபடப்பு பெரும்பாலும் தீங்கற்றது. ஆயினும் தைராய்டுக் கோளாறு, இரத்தச்சோகை, இதயத் துடிப்பின் ஒழுங்கின்மை ஆகியவையும் அதே உணர்வைத் தரவல்லன. ஆகவே வயதின் கோளாறு என்று தாமாகவே முடிவுசெய்யாமல், ஒருமுறையேனும் இ.சி.ஜி.யும் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது.

ஒற்றைத் தலைவலியும் ஹார்மோன்களைப் பின்தொடர்கிறது. பருவமடைவதற்கு முன் சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் ஏறக்குறையச் சமமாக வரும் இந்நோய், அதன்பின் பெண்களிடம் ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்காகிறது. தலைவலி தொடங்குமுன் கண்முன்னே ஒளிக்கோடுகள் நெளிவதும் பார்வையின் ஒரு பகுதி மறைவதும் உண்டெனில், அதை மருத்துவரிடம் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அவ்வகைத் தலைவலி உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையை உட்கொண்டால் பக்கவாதத்திற்கான வாய்ப்பு கூடுகிறது. புகைபிடிப்பவராயின் மேலும் கூடுகிறது. வேறு வகைக் கருத்தடை முறைகள் இருப்பதால் இது தவிர்க்கக்கூடிய ஆபத்தே.

மனமும் இதயமும் எவ்வளவு நெருங்கியவை என்பதை 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்த நோயொன்று காட்டுகிறது. கடும் துயரத்தாலோ அதிர்ச்சியாலோ இதயத்தின் கீழ்ப்பகுதி திடீரெனத் தளர்ந்து உப்பிவிடும். எண்காலி எனப்படும் ஆக்டோபஸைப் பிடிக்கும் பானையின் வடிவை அது ஒத்திருந்ததால், அப்பானையின் பெயராகிய டாகோட்சுபோ என்பதே நோய்க்கும் பெயராயிற்று. இதற்கு ஆளாவோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அவர்களிலும் பெரும்பாலோர் மாதவிடாய் நின்றவர்கள். தொலைவிலுள்ள உறவினரின் மரணச் செய்தியைத் தொலைபேசியில் கேட்டபின் நெஞ்சு வலித்தால், அழுகையால் வந்த வலி என்று விட்டுவிடலாகாது. மாரடைப்பிலிருந்து அதைப் பிரித்தறிய மருத்துவமனையால் மட்டுமே இயலும்.

ஹார்மோன் சிகிச்சை: நீண்ட குழப்பம்

ஈஸ்ட்ரோஜன் காக்கிறது என்றால் அதை மருந்தாகக் கொடுத்துவிடலாமே என்ற எண்ணம் பழையது. 1960களில் அமெரிக்காவில், ஒருமுறை மாரடைப்பு வந்த ஆண்களுக்கே ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தக்கட்டிகளும் மறு மாரடைப்பும் கூடியதால், அதிக அளவு மருந்து பெற்றோரின் சிகிச்சை 1970இல் நிறுத்தப்பட்டது. பின்னர் 16,608 பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வொன்று, இருவகை ஹார்மோன்கள் கலந்த மாத்திரையால் இதயநோய், பக்கவாதம், இரத்தக்கட்டி, மார்பகப் புற்றுநோய் ஆகியன சற்றே கூடுவதைக் கண்டு 2002இல் இடைநிறுத்தப்பட்டது. அச்செய்தி உலகெங்கும் பெண்களை அச்சுறுத்தியது. பலர் ஒரே நாளில் மருந்தைக் கைவிட்டனர்.

அவ்வாய்வில் பங்கேற்றோரின் சராசரி வயது 63 என்பது செய்திகளில் அவ்வளவாக எடுத்துரைக்கப்படவில்லை. அறுபது வயதுக்கு முன், அல்லது மாதவிடாய் நின்ற 10 ஆண்டுகளுக்குள் தொடங்குவோரிடம் நன்மை தீமைகளின் அளவு வேறு என்பது பின்னர் தெளிவாயிற்று. மாத்திரை கல்லீரல் வழியே செல்வதால் இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. தோலில் ஒட்டும் பட்டையும் பூசும் ஜெல்லும் அவ்வழியே செல்வதில்லை. இன்றைய நிலைப்பாடு இதுதான்: இதயத்தைக் காப்பதற்கென்று மட்டும் இச்சிகிச்சை கொடுக்கப்படுவதில்லை, உடற்சூடு, உறக்கமின்மை போன்ற தொல்லைகளுக்கு, தகுந்தவர்க்குத் தகுந்த வகையில் கொடுக்கப்படுகிறது. நாற்பது வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்கள், அல்லது சினைப்பைகள் அகற்றப்பட்டவர்கள் தனிப்பிரிவினர். அவர்களது இதயமும் எலும்பும் ஈஸ்ட்ரோஜனைப் பல ஆண்டுகள் முன்னதாகவே இழக்கின்றன. ஆகவே தடை ஏதும் இல்லாவிட்டால், வழக்கமான வயது வரை சிகிச்சையைத் தொடருமாறு மருத்துவர்கள் பொதுவாகப் பரிந்துரைக்கின்றனர்.

ஆஸ்பிரினைப் பற்றியும் ஒரு சொல். மாரடைப்பைத் தடுக்க அது உதவுமா என்று 1982இல் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வில் பங்கேற்ற 22,071 மருத்துவர்களும் ஆண்களே. மாரடைப்பு குறைந்தது என்பதே அவ்வாய்வின் முடிவு. பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2005இல் வெளிவந்தபோது முடிவு வேறாக இருந்தது: பக்கவாதம் ஓரளவு குறைந்தது, மாரடைப்பு குறையவில்லை, இரத்தக் கசிவு கூடியது. கணவருக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினை மனைவியும் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது கைவிடத்தக்கது.

ஆண்களைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சிலவற்றைக் கூறலாம். ஆண்குறிக்குச் செல்லும் தமனிகள் இதயத் தமனிகளைவிடச் சிறியவை. ஆகையால் விறைப்புக் குறைபாடு, இதயநோய் வெளிப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே தோன்றும் அறிகுறியாக இருக்கக்கூடும். கூச்சத்தால் அதை மறைப்பவர் எச்சரிக்கை ஒன்றைத் தவறவிடுகிறார். விந்துச்சுரப்பிப் புற்றுநோய்க்காக டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும் சிகிச்சை பெறுவோர் சர்க்கரையையும் கொழுப்பையும் முறையாகச் சோதித்துக்கொள்ள வேண்டும். தசை வளர்க்கவென்று உடற்பயிற்சிக் கூடங்களில் இளைஞர்கள் இரகசியமாக ஏற்றிக்கொள்ளும் ஸ்டீராய்டுகள் இதயத் தசையைத் தடிக்கச்செய்வன.

கணிப்பானில் இல்லாத கேள்விகள்

இந்நாட்டில் 45 முதல் 79 வயது வரையுள்ளோர்க்கும், நீரிழிவு உள்ளவராயின் 35 வயதிலிருந்தும் இதய ஆபத்து கணிக்கப்பட வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டல் கூறுகிறது. குடும்ப மருத்துவரிடம் ‘இதயநலப் பரிசோதனை’ என்று கேட்டால், குறைந்தது 20 நிமிடம் நீடிக்கும் சந்திப்புக்கு மெடிகேர் உதவித்தொகை உண்டு. வயது, பாலினம், புகைபிடித்தல், இரத்த அழுத்தம், கொழுப்பு, நீரிழிவு, அஞ்சல் குறியீட்டு எண் முதலியவை கணிப்பானில் இடப்படும். இந்திய, இலங்கை வம்சாவளியினரின் ஆபத்தை அது குறைத்துக் காட்டலாம் என்பதால், அவர்களை ஒரு படி உயர்த்திக் கருதவும் அவ்வழிகாட்டல் இடமளிக்கிறது.

ஆனால் மாதவிடாய் நின்ற வயதைக் கணிப்பான் கேட்பதில்லை. கருவுற்றிருந்தபோது இரத்த அழுத்தம் உயர்ந்ததா, அப்போது சர்க்கரை ஏறியதா, குழந்தை குறைமாதத்தில் பிறந்ததா என்றும் கேட்பதில்லை. கர்ப்பகாலத்தில் உயர் அழுத்தத்தோடு முன்சூல்வலிப்பு நிலை ஏற்பட்ட பெண்ணுக்குப் பிற்காலத்தில் இதயநோய் வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு. கர்ப்பகால நீரிழிவு வந்து போனவர்க்கு நிரந்தர நீரிழிவின் வாய்ப்பு பன்மடங்கு. முப்பது ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ பேறுகாலம் கண்டவர்களின் பதிவேடு இங்குள்ள எந்தக் கணினியிலும் இராது. அது அவர்களது நினைவில் மட்டுமே உள்ளது.

அதை யார் வாயிலாகச் சொல்வது என்பதில்தான் இடர் இருக்கிறது. மகனோ மருமகனோ மொழிபெயர்க்கும் அறையில், மாதவிடாய் எப்போது நின்றது, கரு எத்தனை முறை கலைந்தது என்று எந்தத் தாயும் மனம்விட்டுப் பேசமாட்டார். “ஒன்றும் இல்லை” என்ற விடையே மருத்துவருக்குக் கிடைக்கும். அரசின் மொழிபெயர்ப்பு மற்றும் உரைபெயர்ப்புச் சேவையின் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் குடும்ப மருத்துவர் தொலைபேசி வழியே கட்டணமின்றிப் பெறலாம். உரைபெயர்ப்பாளர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். சந்திப்புக்கு நேரம் குறிக்கும்போதே தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்றும், பெண்ணாக இருத்தல் வேண்டும் என்றும் சொல்லிவைக்க வேண்டும். மாதவிடாய் நிற்கும் காலத்துக்கான தனி மதிப்பீட்டுக்கும் 2025 ஜூலை முதல் மெடிகேர் உதவித்தொகை வழங்கப்படுகிறது.

அவசர வேளையில்

நெஞ்சுவலியே பெண்களுக்கும் மாரடைப்பின் முதன்மை அறிகுறி. எனினும் மூச்சுத்திணறல், குமட்டல், தாடை அல்லது முதுகு வலி, குளிர்ந்த வியர்வை, காரணமற்ற கடும் அயர்ச்சி ஆகியவை அவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. சிலவேளை நெஞ்சுவலியின்றியும் வரும். முகம் ஒருபுறம் கோணுதல், கை தளர்தல், பேச்சு குழறுதல் ஆகியன பக்கவாதத்தைச் சுட்டும். இவற்றில் எது தோன்றினாலும் 000 எண்ணை அழைத்து, “ஆம்புலன்ஸ்” என்றும் “தமிழ்” என்றும் கூறி, தொடர்பைத் துண்டிக்காமல் காத்திருக்க வேண்டும். தாமே காரோட்டிச் செல்லலாகாது. ஆம்புலன்ஸ் கட்டணத்தை மெடிகேர் ஏற்பதில்லை. அது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். சலுகை அட்டை, உறுப்புரிமை, காப்புறுதி ஆகியவற்றுள் எது தமக்குப் பொருந்தும் என்பதை நலமாக இருக்கும் நாளிலேயே கேட்டறிந்து வைத்தால், வலி வந்த இரவில் பணத்தை எண்ணித் தயங்க நேராது. உரைபெயர்ப்புச் சேவையின் எண் 131 450. எல்லா நாளும் 24 மணி நேரமும் இயங்குகிறது.