சரிந்த ரப்பர் வாணிபம் நிமிர்ந்த வரலாறு

கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களுக்கு நாம் செல்லும்போதெல்லாம், பால் நிறுக்கும் கொட்டகையின் அருகே ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை. “ரப்பர் விலை ஏறிற்று, இறங்கிற்று என்கிறார்களே ஐயா, ஏற்றுவது யார்? இறக்குவது யார்?” கேட்பவர் பெரும்பாலும் முப்பது, நாற்பது ஆண்டுகள் வெட்டுக்கத்தி பிடித்தவராக இருப்பார். ஒரு சொல்லில் விடையிறுக்க இயலாத கேள்வி அது. ஆகவே நம் ரப்பர் ஏற்றுமதி விழுந்ததும் எழுந்ததுமான வரலாற்றைச் சற்று விரிவாகவே ஈண்டுக் கூற விழைகின்றோம்.

மலாயாவில் விளைந்த ரப்பரை வாங்கியோர் வெளிநாட்டார். அவர்களுள் முதன்மையானவர்கள் அமெரிக்க மோட்டார் வண்டித் தொழிலினர். அங்கே வண்டி விற்பனை மந்தமானால் ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் அடுப்பு மந்தமாக எரிந்தது. 1925இல் ஓர் இறாத்தல் ரப்பர் ஒரு வெள்ளிக்கும் மேல் விலை போயிற்று. 1929இல் அமெரிக்காவில் தொடங்கிய பெருமந்தம் உலகெங்கும் பரவியது. 1932இல் அதே இறாத்தல் பத்துக் காசுக்கும் கீழே விழுந்தது. பல தோட்டங்களில் பால்வெட்டு நிறுத்தப்பட்டது. நாளொன்றுக்கு ஆடவருக்கு 50 காசு, பெண்டிருக்கு 40 காசு என்றிருந்த கூலி மளமளவென்று குறைக்கப்பட்டது. 1930 முதல் 1932 வரையிலான மூன்றே ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். நம் வாசகர்களுள் பலருடைய பாட்டன், பாட்டியர் அக்கப்பலில் சென்று, பின்னர் மீண்டும் வந்தவர்களாக இருத்தல் கூடும்.

அந்தச் சரிவிலிருந்து மீள அன்றைய அரசுகள் கண்ட வழி, விளைச்சலைக் கட்டுப்படுத்துவது. 1922 முதல் 1928 வரை நடந்த ஸ்டீவன்சன் திட்டம் இதற்கு முன்னோடி. டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த கிழக்கிந்தியத் தீவுகள் அதில் சேராமையால், நாம் குறைத்ததை அவர்கள் பெருக்கிக்கொண்டனர். 1934ஆம் ஆண்டு மே மாதம் கையெழுத்தான அனைத்துலக ரப்பர் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் அவர்களும் இணைந்தனர். விலை நிமிர்ந்தது; 1937இல் அது 1932ஆம் ஆண்டு விலையைப்போல் மூன்று மடங்குக்கும் மேலாயிற்று.

கூலியோ? 1937இல் அது பழைய 50 காசுக்கே திரும்பி வந்தது. அடுத்த ஆண்டே மறுபடியும் குறைக்கப்பட்டது. 1938 ஜூனில் இந்திய அரசு, உதவி பெற்று மலாயாவுக்கு வரும் தொழிலாளர் குடியேற்றத்தையே நிறுத்திவிட்டது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். படைகள் அழைக்கப்பட்டன, உயிர்கள் பலியாயின. விலை உயர்ந்த மாத்திரத்தில் கூலி தானே உயர்ந்துவிடுவதில்லை என்பதை அந்த ஆண்டுகள் காட்டின.

போருக்குப் பின்னர் வந்த கதை வேறு. 1950இல் கொரியப் போர் மூண்டது. படைக்குச் சக்கரம் வேண்டும், குளிருடை வேண்டும். ஆதலால் மலாயாவின் ரப்பரும் ஆஸ்திரேலியாவின் ஆட்டுக் கம்பளியும் ஒரே நேரத்தில் உச்சிக்கு ஏறின. ஆஸ்திரேலியாவில் ஓர் இறாத்தல் கம்பளிக்கு ஒரு பவுன் நாணயம் என்று பேசிக்கொண்ட காலம் அது. நம் ரப்பரின் சராசரி விலை 1951இல் இறாத்தலுக்கு 1 வெள்ளி 69 காசு. 1953இல் 67 காசு. இரண்டே ஆண்டுகளில் ஏற்றமும் இறக்கமும் கண்டாயிற்று. அத்துடன் இரு பொருள்களுக்கும் ஒரேவிதமான பகைவரும் தோன்றினர்: கம்பளிக்குச் செயற்கை இழை, ரப்பருக்குச் செயற்கை ரப்பர்.

இப்பகைவரிடம் விளைச்சல் கட்டுப்பாடு பலிக்கவில்லை. நாம் குறைத்தால் எண்ணெயிலிருந்து ரப்பர் செய்யும் ஆலை மகிழ்ச்சியோடு கூட்டிக்கொள்ளும். எனவே மலேசியா வேறிரு வழிகளை நாடியது. ஒன்று, மரத்தை மாற்றுதல். பழைய விதை மரங்கள் ஹெக்டருக்கு ஏறத்தாழ 500 கிலோ தந்தன. 1925இல் தோன்றிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ஒட்டு மரங்கள் நல்ல பராமரிப்பில் அதைப்போல் மூன்று மடங்கு தரவல்லவை. அதே நிலம், அதே வெட்டு; பால் மட்டும் பெருகியது.

மற்றொரு வழி பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ஏனெனில் அது பால்வெட்டுபவர் கையோடு நேரே தொடர்புடையது. முன்பு புகையூட்டிய ரப்பர்த் தாளைக் கண்ணால் பார்த்தே தரம் பிரித்தார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவர் சொன்னதுதான் தரம். செயற்கை ரப்பரோ சோதனைச்சாலைச் சான்றுடன் வந்தது. 1965இல் மலேசியா ‘எஸ்.எம்.ஆர்.’ எனப்படும் தரநிர்ணய ரப்பரை அறிமுகப்படுத்தியது. பாலும் கட்டிப்பாலும் துருவலாக்கப்பட்டு, சில மணி நேரத்தில் உலர்த்தப்பட்டு, முப்பத்து மூன்று கிலோ அளவிலான கட்டிகளாக அழுத்தி உறையிடப்பட்டன. மாதிரியைக் கரைத்து, 44 மைக்ரான் கண்ணுள்ள சல்லடையில் வடித்து, தங்கும் அழுக்கை நிறுத்துப் பார்ப்பார்கள். பெயரிலுள்ள எண் அந்த அழுக்கைக் குறித்தே வந்தது. தொடக்கத்தில் ‘எஸ்.எம்.ஆர். 20’ என்றால் நூறு கிலோ ரப்பரில் 200 கிராமுக்கு மேல் அழுக்கு இருத்தலாகாது. பின்னர் அந்த வரம்பு 160 கிராமாக இறுக்கப்பட்டது. அதாவது ஒரு கட்டிக்கு ஐம்பது கிராம் அளவுதான். மங்கில் விழும் பட்டைச் சீவலும், காய்ந்த இலையும், ஒட்டுப்பாலை உருட்டும்போது சேரும் மண்ணும் இந்த ஐம்பது கிராமுக்குள் அடங்க வேண்டும். கோணிச் சாக்கின் நூல் கலந்தால் சக்கர ஆலைக்காரர் பொதியையே திருப்பிவிடக்கூடும். பிரட்டுக் களத்தில் கங்காணி “மங்கைத் துடை, மங்கைத் துடை” என்று கத்துவதை நாமும் கேட்டதுண்டு. அவர் காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

விலைக்கு முட்டுக்கொடுக்கும் முயற்சியும் முற்றாகக் கைவிடப்படவில்லை. 1979ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி கோலாலம்பூரில் அனைத்துலக ரப்பர் அமைப்பு நிறுவப்பட்டது. விலை தாழ்ந்தால் வாங்கிச் சேமித்து, உயர்ந்தால் விற்பது அதன் பணி; ஐந்தரை லட்சம் டன் வரை சேமிக்க அதற்கு அதிகாரம் இருந்தது. விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து நடத்திய அந்த ஏற்பாடு இருபதாண்டுக் காலம் ஓடியது. 1997இல் ஆசிய நாணயங்கள் வீழ்ந்தபோது ரிங்கிட்டில் எண்ணிய விலை தாழாததுபோல் தோன்றியது. அமைப்பு வாங்க முன்வரவில்லை. மலேசியா விலகியது, 1999இல் உடன்படிக்கை முடிவுற்றது.

ஆஸ்திரேலியக் கம்பளியின் கதி இதைவிடக் கடுமை. அங்கே கட்டாயத் தாழ்ந்தபட்ச விலையை மிக உயரத்தில் வைத்தார்கள், வாங்குவோர் நழுவினர், கிடங்குகளில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பொதிகள் குவிந்தன. 1991 பிப்ரவரியில் திட்டம் கைவிடப்பட்டது. விற்க வழியற்ற ஆடுகளைச் சுட்டுக் கொன்று புதைத்தனர். குவிந்த கம்பளியை விற்றுத் தீர்க்கவே 2001 வரை ஆயிற்று.

அந்த 2001இல் நம் ரப்பரும் கிலோவுக்கு இரண்டு வெள்ளி அளவில் தவித்தது. டிசம்பரில் தாய்லாந்து, இந்தோனேசியா, மலேசியா ஆகிய மூன்றும் பாலித் தீவில் கூடி ஒத்துழைக்க முடிவு செய்தன. ஆயினும் விலையைத் தூக்கியதில் சீனாவின் மோட்டார் வண்டிப் பெருக்கத்துக்கே பெரும் பங்கு உண்டு என்பது நம் கருத்து. 2011இன் தொடக்கத்தில் விலை கிலோவுக்கு 15 வெள்ளியைத் தாண்டியது. பின்னர் மீண்டும் சரிந்தது.

இதற்கிடையில் நம் வட்டாரத்தின் முகமே மாறிவிட்டது. 1917இல் நாட்டின் முதல் வாணிபச் செம்பனை நடப்பட்டது பத்தாங் பெர்ஜுந்தை அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில். (பெயரில் தென்னை; நட்டது செம்பனை!) ரப்பர் விலையின் தள்ளாட்டம் கண்டு மற்றத் தோட்டங்களும் அவ்வழியே சென்றன. 1990 வரை உலகின் முதல் ரப்பர் நாடாக விளங்கிய மலேசியா, அவ்விடத்தைத் தாய்லாந்துக்கு விட்டது. எனினும் ரப்பர்க் கையுறை செய்வதில் உலகில் முன்னணிக்கு வந்தது. அதற்கு வேண்டிய பாலில் பெரும்பகுதியை இன்று அண்டை நாட்டிலிருந்து நாமே வாங்குகின்றோம்.

இனி அந்த முதிய தொழிலாளரின் கேள்விக்கு வருவோம். மலேசிய ரப்பர் வாரியம் நாள்தோறும் விலையை வெளியிடுகின்றது. நாளிதழில் ‘எஸ்.எம்.ஆர். 20’ என்பதன் எதிரே காணும் எண், ஒரு கிலோவுக்கான காசு. அது உலர்ந்த, சுத்தம் செய்த ரப்பரின் விலை. மங்கிலிருந்து எடுக்கும் ஈரக் கட்டிப்பாலின் விலையன்று. கட்டிப்பாலில் பாதியளவு நீர் என்று கொண்டே கணக்கிடுவது வழக்கம். தங்கள் தோட்டத்தில் உலர் எடை எவ்வாறு கணிக்கப்படுகின்றது, விலை உயரும்போது ஊதியத்தில் எவ்வளவு சேர வேண்டும் என்பன கூலி ஒப்பந்தத்தில் எழுத்தில் இருப்பவை. ஐயமுற்றோர் சம்பளச் சீட்டைக் கையோடு கொண்டு சென்று, தோட்டத்துச் சங்கப் பிரதிநிதியிடம் அவ்விரு கணக்குகளையும் காட்டுமாறு கேட்கலாம்.