பச்சைக் குழந்தையைப் படம் எடுக்கும் முன்

கன்னங்களை இரண்டு உள்ளங்கைகளிலும் தாங்கி, முழங்கைகளை ஊன்றி, கண் மூடித் தூங்கும் பத்து நாள் குழந்தையின் படத்தைப் பார்க்காதவர்கள் இன்று குறைவு. ஸ்டுடியோக்காரர்கள் இதை 'ஃப்ராகி போஸ்' என்பார்கள். அது ஒரே படம் அல்ல என்பது பலருக்குத் தெரியாது. ஒரு படத்தில் பெரியவர் ஒருவரின் கை குழந்தையின் தலையைப் பிடித்திருக்கும். அடுத்ததில் மணிக்கட்டுகளைப் பிடித்திருக்கும். இரண்டையும் கணினியில் ஒட்டி, பெரியவரின் கையை அழித்துவிடுவார்கள். கழுத்து நிற்காத குழந்தையால் தன் தலைப் பாரத்தைத் தன் கையால் தாங்க முடியாது. இது தெரியாமல், இணையத்தில் பார்த்ததை அப்படியே எடுக்கப் பார்க்கும் ஒருவரிடம் குழந்தையை ஒப்படைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் பிறந்த ஆன் கெடிஸ் 1996-இல் 'டவுன் இன் தி கார்டன்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். பூக்களுக்கும் இலைகளுக்கும் நடுவே குழந்தைகளை வைத்து எடுத்த அவருடைய படங்கள் உலகெங்கும் இந்த ஆசையைப் பரப்பின. இன்று சென்னை, கோவை, மதுரை எங்கும் மயிலிறகும் வெண்ணெய்ப் பானையும் வேலும் மூங்கில் கூடையுமாக இது தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. ஆசையில் தவறில்லை. ஆனால் பிறந்த குழந்தையைக் கையாளத் தெரியும் என்று சான்று காட்டும் அரசு உரிமம் எதையும் இந்தத் தொழிலுக்கு யாரும் கேட்பதில்லை. அதனால் விசாரிக்கும் பொறுப்பு முழுவதும் பெற்றோர் தலையில்தான் விழுகிறது.

பிறந்த 5 முதல் 14 நாட்களுக்குள் எடுக்க வேண்டும் என்று ஸ்டுடியோக்கள் அவசரப்படுத்தும். அந்த நாட்களில் குழந்தை ஆழ்ந்து தூங்கும், வயிற்றில் இருந்ததைப் போலவே சுருண்டு கொடுக்கும் என்பதுதான் காரணம். தொப்புள்கொடி காய்ந்து விழுவதும், தாய்க்கும் சேய்க்கும் பால் குடி பழகுவதும் அதே நாட்களில்தான். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இரண்டரைக் கிலோவுக்குக் குறைவான குழந்தை, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து வந்த குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் நாள் குறிக்கவே கூடாது. ஒரு மாதம் கழித்து அம்மாவின் மடியில் எடுத்தாலும் அது அழகான படம்தான்.

முதல் கவலை மூச்சு. தாடை நெஞ்சில் முட்டும்படி சுருட்டி வைத்தால் குழந்தையின் மெல்லிய மூச்சுக்குழாய் மடங்கிவிடும். வாளி, பானை, கூடைக்குள் உட்கார வைக்கும்போது இது சத்தமில்லாமல் நடக்கும். அழக்கூட முடியாத குழந்தை அமைதியாகத் தூங்குவது போலவே தெரியும். எனவே கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் எப்போதும் இருக்க வேண்டும். அவர் பார்க்க வேண்டியது கேமராவை அல்ல, குழந்தையின் உதட்டு நிறத்தை. உதடோ முகமோ நீலம் பாய்ந்தால் அந்த நொடியே தூக்கிவிட வேண்டும்.

அடுத்தது உடல் சூடு. பிறந்த குழந்தையின் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். குளிர்ந்தால் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் திறன் அதற்குக் கிடையாது. ஏசி ஓடும் அறையில் துணியில்லாமல் கிடத்துவது ஒரு பக்கம் தவறு என்றால், பக்கத்திலேயே ஹீட்டரை வைத்துச் சுடவைப்பது மறுபக்கம். துணியால் சுற்றும்போது கால்களை நீட்டி இறுக்கிக் கட்டினால் இடுப்பு மூட்டு பாதிக்கப்படலாம். முட்டி மடங்கி அகல இடம் விட வேண்டும். கண்மை, ஜிகினா, வாசனைத் தெளிப்பான், பூச்சி ஒளிந்திருக்கும் மாலை எதுவும் வேண்டாம். ஃபிளாஷ் ஒளி கண்ணைக் கெடுத்துவிடும் என்று பாட்டிமார் பயப்படுவார்கள், அதற்கு ஆதாரமில்லை. ஆனால் 'பச்சைக் குழந்தையை நாலு பேர் கையில் கொடுக்காதே' என்று அவர்கள் சொல்வது முற்றிலும் சரி. கக்குவான் இருமலுக்கான தடுப்பூசி ஆறாவது வாரத்தில்தான் தொடங்குகிறது. இருமல், சளி, உதட்டில் கொப்புளம் உள்ள எவரும், அவர் கேமராக்காரரே ஆனாலும், குழந்தையைத் தொடக் கூடாது. முத்தம் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு குழந்தைக்கும் துவைத்த துணி போடுகிறீர்களா என்று கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை.

தூங்க வைப்பதற்காகக் கிரைப் வாட்டரோ புட்டிப் பாலோ கொடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பசித்து அழுதால் படப்பிடிப்பை நிறுத்திவிட்டுப் பால் கொடுக்க வேண்டும். பச்சை உடம்புக்காரிக்கு உட்காரவும் பால் கொடுக்கவும் மறைவான இடம் இல்லாத ஸ்டுடியோ இந்த வேலைக்குத் தகுதியானதல்ல. இன்னொன்று, இந்த முதல் இரண்டு வாரங்களில் மஞ்சள் காமாலையும் தலைகாட்டும். மஞ்சள் விளக்கும் எடிட்டிங்கும் தோலின் உண்மையான நிறத்தை மறைத்துவிடும். பகல் வெளிச்சத்தில் உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் தெரிந்தால் போக வேண்டிய இடம் மருத்துவமனை.

இனி உரிமைக்கு வருவோம். படம் யாருக்குச் சொந்தம்? 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு இதில் பெற்றோர் பக்கம் நிற்கிறது. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமையாளர், எடுக்கச் சொன்னவரே. ஆனால் 'வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்' என்ற நிபந்தனை அதில் உண்டு. 'எங்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்வோம்' என்று பில்லின் பின்புறம் பொடி எழுத்தில் இருப்பதில் கையெழுத்துப் போட்டால் அந்தப் பலம் கரைந்துவிடும். 'இலவசமாக எடுத்துத் தருகிறோம், மாடலாக வாருங்கள்' என்ற அழைப்பில் பணம் கைமாறுவதில்லை என்பதால் உரிமையும் பெரும்பாலும் ஸ்டுடியோவிடமே நிற்கும்.

பெற்றோரின் சம்மதம் குழந்தை வளர்ந்த பிறகும் அதற்குச் சம்மதமாக இருக்குமா என்பது தனிக் கேள்வி. நிர்வாணா இசைக்குழுவின் 1991-ஆம் ஆண்டு 'நெவர்மைண்ட்' ஆல்பத்தின் அட்டையில் உடையின்றி நீந்திய நான்கு மாதக் குழந்தை, முப்பது வயதில், 2021-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. வழக்கு வெற்றி பெறவில்லை. ஆனாலும் அன்று யாரோ எடுத்த முடிவை அவர் முப்பது ஆண்டுகள் சுமந்திருக்கிறார். உடையில்லாத படம் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதே நல்லது. பெயர், பிறந்த தேதி, மருத்துவமனையின் கை அடையாளப் பட்டை ஆகியவை படத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதத்தைக் கேட்கிறது. பால் பவுடர் டப்பாவில் குழந்தைப் படம் போடவே 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்திருக்கிறது. அப்படியொரு பயன்பாட்டுக்கு யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

முன்பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்க வேண்டியவை சில உண்டு: எத்தனை படம், எந்தத் தேதிக்குள், குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் வேறு நாள் கிடைக்குமா அல்லது பணம் திரும்புமா, சமூக வலைதளத்தில் போடலாமா கூடாதா. வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் அது ஆதாரம்தான். வாக்கு மீறினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அங்கே தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. அனுமதியில்லாமல் படம் வெளியானால் முதலில் ஸ்கிரீன்ஷாட்டும் இணைப்பு முகவரியும் எடுத்து வைத்துக்கொண்டு, நீக்கச் சொல்லி ஸ்டுடியோவுக்கும் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கும் எழுத வேண்டும். உடையில்லாத குழந்தைப் படத்தை யாராவது தவறாகப் பரப்பினால், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலேகூடப் புகார் செய்ய முடியும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம். 'பாருங்கள் இந்த அநியாயத்தை' என்று அந்தப் படத்தை உறவினர் குழுக்களுக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.