அறிவிக்காமல் மாறும் வட்டியும் நிபந்தனையும்

பெரும்போக விதைப்புத் தொடங்கும்போது ஒலுவில், பாலமுனை, நிந்தவூர் பகுதிகளில் பல வீடுகளின் நகை அடகுக்குப் போகின்றது. விதைநெல், உழவுகூலி, உரம் ஆகியவற்றுக்கு அதுவே கைமுதல். அறுவடை முடிந்து நெல் விற்றதும் நகையை மீட்பது வழக்கம். யுத்தத்தாலும், துறைமுகத் திட்டத்தாலும், கடலரிப்பாலும் காணியிழந்து, பிறர் வயலைக் குத்தகைக்குச் செய்யும் குடும்பங்களுக்கு இந்த நகையைத் தவிர வேறு பிணை இல்லை. ஆகவே, "வைக்கும்போது சொன்ன வட்டி ஒன்று, மீட்கப் போனால் கேட்கும் வட்டி இன்னொன்று" என்ற மனக்குறையை நாம் சிறிதாக எண்ண முடியாது. இது எப்படி நேர்கின்றது என்று பார்ப்போம்.

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி வர்த்தமானி மூலம் திடீரெனத் தடை செய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. விளைச்சல் குறைந்தது; பலரால் நகையை மீட்க முடியவில்லை. வட்டியை மாத்திரம் கட்டி, அடகைப் புதுப்பித்தார்கள். அந்த நேரத்திலேதான், 2022 ஏப்ரல் 8ஆம் திகதி, மத்திய வங்கி தனது கடன்வழங்கல் கொள்கை வட்டி வீதத்தை 7.50 இலிருந்து 14.50 ஆக ஒரே நாளில் உயர்த்தியது. 2023 மார்ச்சில் அது 16.50 ஆனது. 2023 ஜூன் முதல்தான் குறையத் தொடங்கியது. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தமது வட்டியை அதற்கேற்ப ஏற்றின.

இங்கு ஒரு விடயத்தை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். அடகுச் சீட்டு குறிப்பிட்ட காலத்துக்கு மாத்திரமே செல்லும். அதனைப் புதுப்பிக்கும்போது நாம் பழைய கடனைத் தொடர்வதாக நினைக்கின்றோம். ஆனால் புதுப்பித்தல் என்பது அன்றைய வட்டியில் எழுதப்படும் புதிய ஒப்பந்தமாகும். உதாரணமாக, ஒரு இலட்சம் ரூபாவுக்கு நூற்றுக்கு 12 வட்டியென்றால் ஆறு மாதத்துக்கு 6,000 ரூபா. 24 வட்டியென்றால் 12,000 ரூபா. உழவு இயந்திரம், முச்சக்கரவண்டி போன்றவற்றுக்கான லீசிங் கடன்களில் வட்டி நிலையானதா, மாறக்கூடியதா என்பது பத்திரத்திலேயே இருக்கும். "காலத்துக்குக் காலம் நிறுவனம் தீர்மானிக்கும் வீதம்" என்று எழுதியிருந்தால், மாற்றும் அதிகாரத்தை நாம் முன்னரே கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டோம் என்பதே பொருள்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அறிவித்தல் சீட்டிலுள்ள முகவரிக்கே செல்லும். நாம் முகாமிலோ, உறவினர் வீட்டிலோ, புதிய குடியிருப்பிலோ இருக்க, கடிதம் பழைய வீட்டுக்குப் போகின்றது. நிறுவனம் "அறிவித்தோம்" என்கிறது. நாம் "அறிவிக்கவில்லை" என்கிறோம். இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால் ஏலத்தில் போவது நமது நகை.

சட்டம் நம்மை முற்றாகக் கைவிடவில்லை. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம், அச்சிட்ட பத்திரத்திலுள்ள எந்த நிபந்தனையையும் நிறுவனம் தன் விருப்பப்படி பயன்படுத்த இடமளிப்பதில்லை. சில நிபந்தனைகள் நியாயமானவையா என்று நீதிமன்றம் பார்க்கலாம். 2023இல் மத்திய வங்கி நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை வெளியிட்டது. கட்டணம், வட்டி, நிபந்தனை ஆகியவற்றை வாடிக்கையாளருக்குத் தெளிவாகத் தெரிவிப்பது நிறுவனத்தின் கடமை என்பது அவற்றின் அடிப்படை. உரக்கடை, பலசரக்குக்கடை போன்றவற்றுக்கு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் உண்டு. கடைக்காரர் விலையைப் பார்வைக்கு வைக்கவேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டும். பொதியில் குறித்த விலைக்கு மேல் விற்கக்கூடாது.

ஆகவே நாம் செய்யவேண்டியவை இவை:

1. கையொப்பமிடுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: வட்டி எவ்வளவு? அது மாறுமா? மாறினால் எப்படி அறிவிப்பீர்கள்? பதிலைப் பத்திரத்தில் எழுதித் தரும்படி கேளுங்கள். எழுத வாசிக்கத் தெரியாதவர்கள் படித்த பிள்ளையொன்றைக் கூட்டிச் செல்லுங்கள்.

2. வீடு மாறினால், புதிய முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுத்தில் கொடுத்து, பிரதியில் முத்திரை பெறுங்கள்.

3. புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் புதிய சீட்டின் வட்டியைப் பழையதோடு ஒப்பிடுங்கள். பழைய சீட்டின் பிரதியை வைத்திருங்கள்.

4. உரமும் கிருமிநாசினியும் அறுவடைக் கடனுக்கு வாங்கினால், வாங்கிய அன்றைய விலையையும் கொடுக்கவேண்டிய தொகையையும் கொப்பியில் எழுதி, கடைக்காரரின் கையொப்பத்தைப் பெறுங்கள்.

5. முறைப்பாட்டை முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் கொடுங்கள். வங்கி, நிதிக் கம்பனி பற்றியதாயின் அடுத்து மத்திய வங்கியின் 1935 இலக்கத்தை அழையுங்கள். கடைகள் பற்றியதாயின் 1977. கடைகள் பற்றிய எழுத்துமூல முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் கொடுப்பது அவசியம்.

நாட்டின் வட்டி ஏறுவதை ஒரு விவசாயக் குடும்பத்தால் தடுக்க முடியாது. ஆனால் அது ஏறியதை நகை ஏலத்துக்குப் போகுமுன் அறிந்துகொள்ள முடியும். அறிந்தால், இருக்கும் இரண்டு நகையில் ஒன்றை விற்று மற்றதை மீட்பதா, குத்தகை வயலைக் குறைப்பதா என்று வீட்டிலே கூடிப் பேசித் தீர்மானிக்க நாட்கள் கிடைக்கும்.