பில் போடும் கணிப்பொறியில் ஒலித் தகராறு

நம் வணிகப் பெருமக்களில் பலர் இன்று கணிப்பொறியில்தான் பில் போடுகிறோம். அதே கணிப்பொறியில் காலையில் பக்திப் பாடல் ஓடுகிறது. கம்பெனிக்காரர் வீடியோ அழைப்பில் வருகிறார். ஒரே ஒலிக்கருவியைப் பல புரோகிராம்கள் பங்கு போட்டுக்கொள்ளும்போது ஒன்றின் குரல் அடங்கிவிடுவது உண்டு. பாட்டு நின்றால் நமக்கு நஷ்டமில்லை. பில்லிங் புரோகிராமின் எச்சரிக்கை ஒலி நின்றால் சரக்கு பில் இல்லாமல் வெளியே போகும்.

இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. பார்கோடு ஸ்கேனர் எழுப்பும் 'பீப்' சத்தம் ஸ்கேனருக்கு உள்ளிருந்தே வருவது. கோட்டைப் படித்துவிட்டேன் என்பதுதான் அதன் பொருள். பில்லில் ஏறிவிட்டது என்பதல்ல. 'இந்தச் சரக்கு பட்டியலில் இல்லை' என்ற எச்சரிக்கையைப் பல பில்லிங் புரோகிராம்கள் கணிப்பொறியின் ஸ்பீக்கர் வழியாகவே தருகின்றன. ஸ்பீக்கர் ஊமையானால், ஸ்கேனர் சத்தத்தை நம்பிப் பையன் பொருளைப் பையில் போட்டுவிடுவான். கொள்முதல் 145 ரூபாய், லாபம் 5 ரூபாய் என்றுள்ள ஒரு பாக்கெட் இப்படிப் போனால், அதை ஈடுகட்ட 29 பாக்கெட் விற்க வேண்டும்.

இந்தத் தகராறு புதிதல்ல. 1990களில் சவுண்ட் கார்டுக்கும் பிரிண்டர் இணைப்புக்கும் 7 என்ற ஒரே இன்டரப்ட் எண் அமைந்து, இரண்டும் மோதிக்கொள்வதுண்டு. கார்டுக்கு 5 என்று மாற்றித் தீர்ப்பார்கள். 1995இல் விண்டோஸ் 95 வந்தபின் இத்தகைய எண்களைக் கணிப்பொறியே ஒதுக்கத் தொடங்கியது. இப்போதைய விண்டோஸ் பல புரோகிராம்களின் ஒலியைக் கலந்தே தருகிறது. ஆகவே இன்றைய தகராறு பெரும்பாலும் அமைப்பில்தான் இருக்கும். கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பாருங்கள்.

1. ஒலி எங்கே போகிறது? திரையின் கீழ் வலது மூலையிலுள்ள ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கினால் எந்தக் கருவி தேர்வாகியுள்ளது என்று தெரியும். ஹெட்செட், புளூடூத் ஸ்பீக்கர், எச்.டி.எம்.ஐ. மானிட்டர் ஆகியவற்றை இணைத்தால் ஒலி அங்கே மாறிப் போகக்கூடும். கடை ஸ்பீக்கரையே மறுபடி தேர்ந்தெடுங்கள்.

2. அதே படத்தை வலது பொத்தானால் சொடுக்கி 'வால்யூம் மிக்ஸர்' திறந்தால் ஒவ்வொரு புரோகிராமின் ஒலி அளவும் தனித்தனியே தெரியும். பில்லிங் புரோகிராமின் ஒலியோ, 'சிஸ்டம் சவுண்ட்ஸ்' ஒலியோ குறைந்திருந்தால் உயர்த்துங்கள்.

3. 'கண்ட்ரோல் பேனல்' சென்று 'சவுண்ட்' திறந்து, 'பிளேபேக்' பகுதியில் ஸ்பீக்கரைத் தேர்ந்து, 'ப்ராப்பர்ட்டீஸ்', 'அட்வான்ஸ்டு' என்று செல்லுங்கள். ஒரு புரோகிராம் கருவியைத் தனக்கே எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் 'எக்ஸ்க்ளூசிவ்' கட்டங்களின் டிக் குறியை நீக்குங்கள். ஏகபோகம் ஒழியும்.

4. அதே 'சவுண்ட்' பெட்டியில் 'கம்யூனிகேஷன்ஸ்' பகுதியைப் பாருங்கள். அழைப்பு வந்தால் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும்படி அங்கே அமைந்திருக்கும். 'டூ நத்திங்' என்று மாற்றிவிடுங்கள்.

மாற்றியபின் புரோகிராம்களை மூடித் திறந்து, பாட்டை ஓடவிட்டு, பட்டியலில் இல்லாத ஒரு புத்தகத்தின் பார்கோடை ஸ்கேன் செய்யுங்கள். எச்சரிக்கை கேட்டால் சரி. தினமும் கடை திறந்ததும் தராசைச் சரிபார்ப்பதுபோல இதையும் ஒருமுறை செய்வது நல்லது.

இயன்றவர்கள் பாட்டுக்குத் தனி ரேடியோ வைத்து, கல்லாக் கணிப்பொறியைப் பில்லுக்கு மட்டும் விடுங்கள். எத்தனை ஒலி இருந்தாலும், பையில் உள்ள உருப்படிகளையும் பில்லில் உள்ள உருப்படிகளையும் எண்ணி ஒப்பிடும் பழக்கத்தை நாம் விடலாகாது.